குடையை வாங்காத ஊர்



கோடீஸ்வரன் ஒருவன் பத்திரிகையும் நடத்துகிறான், கடையும் நடத்துகிறான். அவனை எதிர்த்து வாங்குகிறவன் என்ன செய்ய முடியும்? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. தூத்துக்குடியில் வந்து இதைப் பேசச் சொல்கிறார்கள்! இந்தக் கேள்விக்கு இந்த ஊர் 1906லேயே பதில் எழுதத் தொடங்கிவிட்டது ஐயா. வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தது அந்த ஆண்டில்தான். நான் இன்று பேச வந்தது லிவர்பூலைப் பற்றி. ஆனால் இந்தத் துறைமுகத்துக்கு ஒரு கும்பிடு போடாமல் அந்தத் துறைமுகத்துக்குப் போக என்னால் முடியாது.

வெள்ளைக்காரக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது. இன்னும் குறைத்தது. கடைசியில் சும்மாவே ஏறிக்கொள்ளுங்கள் என்றது. ஏறினவன் கையில் ஒரு குடையும் கொடுத்தது. இலவசக் குடை! அந்தக் குடையை வாங்காதவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள். வாங்கியவர்களும் இருந்தார்கள். கை தட்டாதீர்கள், இது கை தட்டுகிற விஷயம் இல்லை. சுதேசிக் கம்பெனி 1911ல் கலைக்கப்பட்டது. அரசின் அடக்குமுறை ஒரு காரணம், சிறை ஒரு காரணம், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் குடை என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. இன்றைக்கு நான் எதைப் பேசினாலும் அதில்தான் வந்து நிற்பேன்.

சரி, லிவர்பூல்.

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்ட் நகரத்தில் ஹில்ஸ்பரோ மைதானம். கால்பந்து அரையிறுதி ஆட்டம். லிவர்பூல் ரசிகர்களை ஒரு கோடியில், கம்பி அடைப்புக்குள் விட்டார்கள். வெளியே கூட்டம் நெரிகிறது என்று காவல்துறை ஒரு பெரிய வாயிலைத் திறந்துவிட்டது. திறந்துவிட்டவர்கள், ஏற்கெனவே நிரம்பி வழிந்த அடைப்புகளுக்குப் போகும் வழியை மூடவில்லை. ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் நின்ற இடத்திலேயே மூச்சு முட்டிச் செத்தார்கள். 97 உயிர் ஐயா. தொண்ணூற்று ஏழாவது மனிதர் முப்பத்திரண்டு ஆண்டு நோயாளியாகக் கிடந்து 2021ல் போனார்.

நாலே நாள். ஏப்ரல் 19 அன்று 'தி சன்' பத்திரிகை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'உண்மை' என்று தலைப்புப் போட்டது. என்ன உண்மை? செத்தவன் சட்டைப்பையில் ரசிகர்கள் கைவிட்டுத் திருடினார்களாம். காப்பாற்ற வந்த காவலர்கள் மேல் சிறுநீர் கழித்தார்களாம். உயிர் கொடுக்கப் போராடிய காவலரை அடித்தார்களாம். அத்தனையும் பொய். பிள்ளையைப் புதைக்கக்கூட இல்லை, அதற்குள் பிள்ளையைத் திருடனாக்கி அச்சடித்து வீட்டு வாசலில் போட்டார்கள். பத்திரிகையின் முதலாளி ரூபர்ட் மர்டாக். ஆஸ்திரேலியாவில் பிறந்து, லண்டனில் பத்திரிகைகளை வாங்கிக் குவித்து, அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டவர். அந்த ஊர் அழுகை அவருக்கு எங்கே கேட்கப்போகிறது?

ஊர் என்ன செய்தது தெரியுமா? லிவர்பூலை ஒட்டிய கிர்க்பியில் பத்திரிகையைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அது முதல் நாள் கோபம். கோபம் எல்லோருக்கும் வரும். மறுநாள் என்ன செய்தார்கள் என்பதுதான் சேதி. மறுநாள் வாங்கவில்லை. அடுத்த மாதம் வாங்கவில்லை. அடுத்த வருஷம் வாங்கவில்லை. பெட்டிக்கடைக்காரர்கள் எங்களுக்கு வேண்டாம் என்று கட்டைத் திருப்பி அனுப்பினார்கள். டாக்சிகளில் வாங்காதே என்று ஒட்டினார்கள். அந்த ஊரில் பிறந்து கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற ஒரு தலைமுறை, அந்தப் பத்திரிகையைக் கையால் தொடாமலே வளர்ந்திருக்கிறது.

முதலாளி சும்மா இருப்பானா? விலையைக் குறைத்தான், 1993ல். இருபத்தைந்து பென்ஸ் பத்திரிகை இருபது பென்ஸ் ஆனது. லிவர்பூல் திரும்பிப் பார்க்கவில்லை. 2004ல் இதே ஊரில் பிறந்து வளர்ந்த வெய்ன் ரூனி தன் கதையை அந்தப் பத்திரிகைக்கு விற்றார். ஊர் கொதித்தது. எங்கள் பிள்ளையா இப்படிச் செய்தான் என்று கேட்டது. அந்தக் கொதிப்பைப் பார்த்துப் பத்திரிகை ஒரு முழுப்பக்க மன்னிப்பு அச்சடித்தது. பதினைந்து வருஷம் கழித்து! ஊர் ஏற்கவில்லை.

2014 உலகக் கோப்பை வந்தது. 'தி சன்' ஒரு சிறப்பிதழ் போட்டது. இரண்டு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு இலவசம். இலவசம் ஐயா! வந்துவிட்டதா குடை? லிவர்பூல் பகுதிக்கு அதை அனுப்பும் துணிச்சல் அவர்களுக்கே இல்லை. பக்கத்து ஊர்த் தபால்காரர்கள் இந்தக் கட்டை நாங்கள் தூக்க மாட்டோம் என்றார்கள். அந்த இதழைக் கையில் பிடித்துப் படத்துக்கு நின்ற பாவத்துக்கு, அன்றைய தொழிற்கட்சித் தலைவர் எட் மிலிபேண்ட் அந்த மக்களிடம் வருத்தம் சொல்ல வேண்டி வந்தது. இப்போது தட்டுங்கள். அந்தத் தபால்காரர்களுக்காகத் தட்டுங்கள்!

இதைச் சொல்லும்போது எனக்கு நம் ஊர்க் கதை ஒன்று முட்டிக்கொண்டு வருகிறது. 1908. வ.உ.சி.யைப் பிடித்து உள்ளே போட்ட காலம். ஒரு வக்கீல், வெள்ளைக்காரர் பக்கம் சாய்ந்தவர், முகச் சவரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். பாதி முகம் முடிந்தது. கத்தி பிடித்தவர் கேட்டாராம்: சாமி, சுதேசிக்காரர்களுக்கு எதிராக நிற்கிறீர்கள் என்கிறார்களே, நிஜமா? வக்கீலுக்குச் சுர்ரென்று வந்துவிட்டது: அது உனக்கு எதற்கடா? அவர் கத்தியைத் துடைத்தார், பெட்டியை மூடினார்: அப்படியானால் இந்தச் சவரமும் எனக்கு எதற்கு என்று எழுந்து போய்விட்டார். பாதி முகத்தோடு வக்கீல் தேடி அலைந்தார், ஒருவரும் தொடவில்லை என்று சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகாதவர், சொத்து இல்லாதவர், கையில் ஒரு சவரப்பெட்டி மட்டும் உள்ளவர். இல்லை என்று சொல்ல அவருக்கு அது போதுமாக இருந்தது.

இந்த வித்தை அயர்லாந்திலும் இருந்தது. பாய்காட் என்கிறோமே, அது ஒரு ஆளின் பெயர். கேப்டன் பாய்காட், மேயோ மாவட்டத்தில் ஒரு பிரபுவின் நிலத்துக்கு ஏஜெண்ட். 1880ல் குடியானவர்கள் அவருக்கு அறுவடை செய்ய மறுத்தார்கள். துணி வெளுப்பவர் வரவில்லை, கொல்லர் வரவில்லை, கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. வடக்கேயிருந்து ஐம்பது ஆளைக் கூட்டி வந்து, ஆயிரம் பட்டாளத்தைக் காவல் வைத்து அறுத்தார்கள். ஐந்நூறு பவுன் விளைச்சலை அறுக்கப் பத்தாயிரம் பவுன் செலவு. டிசம்பரில் ஆள் மூட்டை கட்டிவிட்டார். பஞ்சத்தில் அடிபட்டு அயர்லாந்திலிருந்து கப்பலேறிய ஏழைகள் போய் இறங்கிய துறை எது? லிவர்பூல். அந்த ஊர் ரத்தத்தில் இந்த மறுப்பு ஓடுவது எனக்கு ஆச்சரியமே இல்லை.

இப்போது ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன். மேடையில் ஒரு பெயராக உச்சரித்து முடித்துவிட எனக்கு மனம் இல்லை. அவர் மகனுக்குப் பதினைந்து வயது. ஹில்ஸ்பரோவில் போனான். மூன்றே கால் மணிக்கு மேல் யாரையும் காப்பாற்றியிருக்க முடியாது என்று விசாரணை அதிகாரி கோடு போட்டார். இந்த அம்மா ஏற்கவில்லை. வீடு வீடாக, ஊர் ஊராகப் போய், அன்று மைதானத்தில் நின்ற ஒவ்வொருவராகத் தேடினார். ஒரு பெண் காவலர் சொன்னார்: நாலு மணி வாக்கில் உங்கள் மகன் கண்ணைத் திறந்தான், அம்மா என்றான். இதைக் கேட்ட பிறகு ஒரு தாய் தூங்குவாளா? மனு மேல் மனு. தள்ளுபடி மேல் தள்ளுபடி. இந்த அம்மாவிடம் நான் திரும்பி வருவேன்.

அதற்கு முன்னால் ஒன்று. போன மாதம் ஒரு கூட்டத்தில் ஒரு பெரிய பேச்சாளர் சொன்னார்: புறக்கணிப்பெல்லாம் சிறுபிள்ளைத்தனம், முதலாளிக்கு உறைக்காது. யார் என்று கேட்காதீர்கள், உங்களுக்கே தெரியும். ஐயா பெரியவரே, உங்களுக்கு உறைக்காததால் முதலாளிக்கும் உறைக்காது என்று நினைக்கிறீர்கள்! உறைக்காதவன் ஏன் முழுப்பக்கம் மன்னிப்புக் கேட்கிறான்? 2012ல் உண்மை வெளிவந்த மறுநாள் முதல் பக்கத்தில் ஏன் மறுபடி மன்னிப்புக் கேட்கிறான்? 2017ல் லிவர்பூல் அணி, 'தி சன்' நிருபருக்கு எங்கள் மைதானத்தில் இடம் இல்லை என்றது. இரண்டு மாதத்தில் எதிரணியான எவர்டனும் கதவைச் சாத்தியது. பரம வைரிகள் ஐயா அந்த இரண்டு அணியும்! இன்னும் கேளுங்கள். அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் இருவர், ஃபூஸ், பிஷோஃப் என்று பெயர், அந்த ஊரை எடுத்து ஆராய்ந்தார்கள். ஐரோப்பாவின் மேல் நாளும் வெறுப்பை ஊட்டிய பத்திரிகையைப் படிக்காமல் விட்டதால் அந்த வட்டாரத்தில் அந்த வெறுப்பு குறைந்தது என்று எழுதினார்கள். 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் லிவர்பூல் நகரத்தில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டுப் பேர் ஐரோப்பாவோடு இருப்போம் என்றார்கள். ஒரு பத்திரிகையை வாங்காமல் விட்ட ஊரின் மனசே வேறாகிவிட்டது. இதுவா சிறுபிள்ளைத்தனம்?

அமெரிக்காவுக்கு வருகிறேன், சுருக்கமாக. அமேசான் முதலாளி ஜெஃப் பெசோஸ் 2013ல் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையை இருபத்தைந்து கோடி டாலருக்கு வாங்கினார். வாட்டர்கேட்டை வெளிக்கொண்டுவந்து ஒரு ஜனாதிபதியையே வீட்டுக்கு அனுப்பிய பத்திரிகை. 2024 தேர்தலுக்குப் பதினொரு நாள் முன்னால், யாருக்கும் ஆதரவு எழுத மாட்டோம் என்று அறிவித்தது. கமலா ஹாரிஸுக்கு ஆதரவாக எழுதி வைத்திருந்த தலையங்கம் முதலாளியின் முடிவால் நின்றுபோனது. சில நாளுக்குள் இரண்டரை லட்சம் பேர் சந்தாவை ரத்து செய்தார்கள். பத்தில் ஒருவர்!

கை தட்டுகிறீர்கள். நானும் அன்றைக்குத் தட்டினேன். ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். அன்று பெசோஸின் சொத்து சுமார் இருபதாயிரம் கோடி டாலர். பத்திரிகையை வாங்கிய விலை அதில் எண்ணூறில் ஒரு பங்கு. பத்திரிகை மூழ்கினால் அவருக்குக் கொசுக்கடி. மூழ்குவது யார்? நிருபர். எங்களைத் தண்டிக்காதீர்கள் என்று அந்த நிருபர்களே வாசகர்களிடம் கெஞ்சினார்கள். கோடீஸ்வரர்கள் டிரம்ப் முன்னால் மண்டியிடுவதாக வரைந்த கார்ட்டூனைப் போட மறுத்ததும், அதை வரைந்த ஆன் டெல்னேஸ் 2025 ஜனவரியில் வேலையை உதறினார். அந்த ஆண்டே அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அவரைப் போன்றவர்கள் இருந்த பத்திரிகை அது.

பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கே கை வைக்க வேண்டும் தோழர்களே. பணம் கடையிலிருந்து வருகிறது. அந்தக் கடை எப்படி வளர்ந்தது? டயப்பர்ஸ் டாட் காம் என்று ஒரு நிறுவனம், கைக்குழந்தைச் சாமான் விற்றது. அமேசான் தன் கடையில் டயப்பர் விலையை முப்பது சதவீதம் வரை குறைத்தது. எதிராளி மூச்சுத் திணறினான். 2010ல் அவனையே விலைக்கு வாங்கியது. 2017ல் இழுத்து மூடியது. அன்று மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய ஒவ்வொரு தாயின் கையிலும் இருந்தது டயப்பர் இல்லை, குடை! நம் கடற்கரையில் கொடுத்த அதே குடை!

2025 பிப்ரவரி 28 அன்று, ஒரு நாள் எதுவும் வாங்காதீர்கள் என்று அமெரிக்காவில் ஓர் அழைப்பு விட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இன்றைக்கு வாங்காமல் இருந்து நாளைக்கு வாங்கினால் அது புறக்கணிப்பு இல்லை, ஏகாதசி விரதம். லிவர்பூல் இருந்தது விரதம் இல்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல், தகப்பன் மகனுக்குச் சொல்லி, மகன் தன் பிள்ளைக்குச் சொல்லி, இது நம் வீட்டுக்குள் வராது என்று இருந்தார்கள்.

அந்த அம்மாவிடம் வருகிறேன். 2012 செப்டம்பரில் ஹில்ஸ்பரோ பற்றி ஆராய்ந்த சுயேச்சைக் குழு அறிக்கை கொடுத்தது. காவல்துறை நூற்றுக்கு மேற்பட்ட வாக்குமூலங்களைத் திருத்தியிருந்தது தெரிந்தது. நாற்பத்தொரு பேர் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது என்றும் தெரிந்தது. மூன்றே கால் மணிக் கோடு பொய்யாகிப்போனது. அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றம் மரண விசாரணையின் பழைய தீர்ப்பை ரத்து செய்தபோது, அவர் புற்றுநோயோடு சக்கர நாற்காலியில் நீதிமன்றத்துக்கு வந்திருந்தார். 2013 ஏப்ரல் 15, மகன் போன நாள். லிவர்பூல் மைதானத்து அஞ்சலியில் வந்து உட்கார்ந்தார். மூன்றாம் நாள் உயிர் போனது.

2016 ஏப்ரல் 26 அன்று புதிய மரண விசாரணையின் நடுவர் குழு சொன்னது: இவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள், ரசிகர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. மறுநாள் இங்கிலாந்துப் பத்திரிகைகள் பலவற்றில் அது முதல் பக்கம். 'தி சன்' அதை முதல் பக்கத்தில் போடவில்லை. லிவர்பூலில் அதை யாரும் வாங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

என் தாய்மார்களே, தம்பிமார்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டு இறங்குகிறேன். உங்கள் சொந்தத்தைப் பொய்யால் அடித்தவன் யார், உங்கள் தெருக்கடையை மலிவு விலை காட்டி மூடவைத்தவன் யார் என்று இன்று இரவு வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். ஒருவனைத் தேர்ந்தெடுங்கள், ஒருவன் போதும். அவன் நாளைக்குக் குடையோடு வருவான். கை நீட்டாதீர்கள்.