வாசலில் இருந்த டாக்டர்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். லண்டன் போய்வந்தவன் என்றால் அரண்மனையையும் மியூசியத்தையும் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் ஒரு டாக்டரைப் பற்றிப் பேசப் போகிறேன்.

2008-ல் நானும் என் மனைவியும் பெண் வீட்டில் நாலு மாதம் தங்கியிருந்தோம். போன மறுநாளே பெண், "இவரோட அம்மாவை சர்ஜரிக்கு அழைச்சிண்டு போகணும்ப்பா" என்றாள். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. பிறகுதான் தெரிந்தது, அந்த ஊரில் தெரு டாக்டரின் கிளினிக்குக்கே சர்ஜரி என்றுதான் பெயர். கத்தியும் இல்லை, கபடாவும் இல்லை.

சாதாரண வீடுதான். முன்னறையில் பத்து நாற்காலி. டாக்டர் நம் நாட்டுக்காரர், எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். 1960-களில் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் போன டாக்டர்கள் பலர், உள்ளூர் டாக்டர்கள் போகத் தயங்கிய ஏழைப் பேட்டைகளிலும் சுரங்க ஊர்களிலும் இப்படித் தனியாக உட்கார்ந்து வைத்தியம் பார்த்தவர்கள். 1948 ஜூலை 5-ல் தொடங்கிய அவர்களுடைய தேசிய சுகாதாரச் சேவையின் அடித்தளமே இந்தக் குடும்ப டாக்டர்கள்தான். அரசாங்கம் பணம் தரும். ஆனால் அவர்கள் சம்பள உத்தியோகஸ்தர் அல்ல, ஒப்பந்தக்காரர்கள்.

அன்று மேஜைமேல் ஒரு மனு இருந்தது, 'உங்கள் சர்ஜரியைக் காப்பாற்றுங்கள்' என்கிற பாணியில். நான் பேனாவை எடுத்துவிட்டேன். ரிசப்ஷனில் இருந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "இங்கே பதிவு செய்துகொண்டவர்களுக்குத்தான்" என்று வாங்கி வைத்துவிட்டாள்!

விஷயம் இதுதான். 2007 ஜூலையில் ஆரா டார்ஸி என்ற அறுவை சிகிச்சை நிபுணர் லண்டனுக்கு ஒரு திட்டம் கொடுத்தார். ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு பாலிகிளினிக். பல டாக்டர்கள், ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்பெஷலிஸ்ட் எல்லாம் ஒரே கூரையின் கீழ். யோசனை புதிதல்ல, 1920-லேயே டாஸன் அறிக்கை இதே மாதிரி சுகாதார நிலையங்களைச் சொல்லியிருக்கிறது. டாக்டர்கள் சங்கம் எதிர்த்தது. தெருவில் உள்ள சர்ஜரிகள் மூடப்படும், ஒப்பந்தங்கள் பெரிய கம்பெனிகளுக்குப் போய்விடும் என்றது.

ராத்திரி சாப்பாட்டு மேஜையிலும் இதே சண்டை. மாப்பிள்ளை மனுவின் கட்சி: "அம்மா ரெண்டு பஸ் மாறிப் போவாளா?" என்றார். என் பெண் விடவில்லை. "ஆறரைக்கு சர்ஜரியை மூடிடறா. நான் ஆத்துக்கு வரவே ஏழு ஆயிடறது. 2004 ஒப்பந்தத்துக்கப்புறம் ராத்திரியும் சனி ஞாயிறும் இவா பொறுப்பே இல்லை. அவர் நல்லவர்தான், ஆனா அவரைப் பார்க்க நான் லீவு போடணும்" என்றாள். ஹெரால்ட் ஷிப்மன் கதையையும் எடுத்தாள். தனியாக பிராக்டிஸ் செய்த அந்த டாக்டர் 15 நோயாளிகளைக் கொன்றதாக 2000-ல் தண்டிக்கப்பட்டவர். பிறகு நடந்த விசாரணையில் 215 பேர் என்று தெரிந்தது. பக்கத்து அறையில் இன்னொரு டாக்டர் இருந்திருந்தால்? எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றும் அவள் குறை நியாயம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் நான் கண்ணால் பார்த்ததையும் சொல்ல வேண்டும். சம்பந்தி மாமிக்கு முழங்கால் வலி. நாள்பட்ட சர்க்கரை வியாதியும் உண்டு. இங்கிலீஷ் நாலு வார்த்தைக்கு மேல் வராது. கதவிலிருந்து நாற்காலிவரை நடந்தார், அவ்வளவுதான். டாக்டர், "போன தடவை இப்படி நடக்கலியே" என்று சொல்லி சாக்ஸைக் கழற்றச் சொன்னார். பாதத்தில் ஒரு புண். மாமிக்கு அங்கே உணர்ச்சியே இல்லாததால் தெரியவில்லை. இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் கால் என்னவாகியிருக்குமோ! புது டாக்டரும் கண்டுபிடித்திருக்கலாம். முழங்காலுக்கு மாத்திரை எழுதி அனுப்பியும் இருக்கலாம். அவர் பதினெட்டு வருஷமாக மாமியின் நடையைப் பார்த்தவர்.

2008 ஜூனில் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளுடன் மனு பிரதமர் வீட்டுக்குப் போனது. அதே மாதம் கிங்ஸ் ஃபண்ட் என்ற ஆய்வு நிறுவனம், ஒரே கட்டடத்தில் உட்கார வைத்துவிட்டால் மட்டும் டாக்டர்கள் சேர்ந்து வேலை செய்துவிடமாட்டார்கள் என்று அறிக்கை கொடுத்தது. காலை எட்டு முதல் இரவு எட்டுவரை ஏழு நாளும் திறந்திருக்கும் நிலையங்கள் சில வந்தன. பல பிறகு மூடப்பட்டன. 2010-ல் ஆட்சி மாறியதும் லண்டன் திட்டம் நிறுத்தப்பட்டது.

மனு போட்டவர்கள் ஜெயித்தார்கள் என்று நினைப்பீர்கள். அந்த சர்ஜரி இன்று இல்லை. டாக்டர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு வர ஒருவரும் கிடைக்கவில்லை. நோயாளிகளை ஒரு பெரிய குழு பிராக்டிஸில் சேர்த்துவிட்டார்கள். மாமிக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு புது முகம். ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை லீவு போட்டுக் கூடப்போய் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கடைசி வருஷங்களில் மாமி, "எதுக்குடா" என்று போகவே மறுத்தார்.

நார்வேயில் 45 லட்சம் பேரின் விவரங்களை வைத்து செய்த ஓர் ஆய்வு 2022-ல் அச்சானது. ஒரே குடும்ப டாக்டரிடம் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருந்தவர்களிடம், ஒரு வருஷமே இருந்தவர்களைவிட இறப்பு சுமார் 25 சதவிகிதம் குறைவு என்கிறது. அதைப் படித்தபோது எனக்கு அந்த சாக்ஸ்தான் ஞாபகம் வந்தது.

2025 ஜூலையில் அங்கே வேறு அரசாங்கம் பத்தாண்டுத் திட்டம் வெளியிட்டது. அதிலும் அக்கம்பக்க சுகாதார நிலையங்கள் உண்டு, தினம் பன்னிரண்டு மணி நேரம், வாரம் ஆறு நாள். பெண்ணிடம் போனில், "நீ கேட்டது வந்துடுத்தே" என்றேன். அவளுக்கும் இப்போது சர்க்கரை. "நேரம் சரிப்பா, யார் உட்கார்ந்திருப்பா?" என்றாள்.

மணி அடித்துவிட்டார்கள். அங்கே பிள்ளை, பெண் இருப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அவர்கள் ஊர் எப்படி என்று காபி சாப்பிடும்போது சொல்லுங்கள். கேட்க ஆசையாக இருக்கிறது.