பிறர் சொல்லை ஆங்கிலத்தில் எழுதுங்கால்



வெள்ளி விழா மேடையில் ஆங்கில இலக்கணமா என்று சிலர் வியக்கலாம். நம் மக்கள் கையெழுத்திட்ட ஆங்கிலத் தாள்கள் சிலவற்றைப் படித்த பின்னரே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

ஒருவர் கூறியதை மற்றவர்க்கு அறிவிக்குங்கால் அவர் சொற்களை முழுதும் எழுதுவதில்லை. ஒப்புக்கொண்டார், மறுத்தார் என ஒரு வினையில் அடக்கிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இத்தகைய வினைகள் சிலவற்றின்பின் ‘இங்’ என்று முடியும் தொழிற்பெயர் வரும், ஜெரண்டு என்பர். ‘எடுத்ததை ஒப்புக்கொண்டான்’ என்பது ‘ஹி அட்மிட்டட் டேக்கிங் இட்’ ஆகும்.

நம் பிள்ளைகள் இடறுவது ‘மறுத்தான்’ என்னும் சொல்லில். தமிழில் அஃது இரு வேலை செய்கிறது. ‘கையெழுத்திட மறுத்தான்’ என்றால் அவன் இணங்கவில்லை. ‘எடுத்ததை மறுத்தான்’ என்றால் தான் எடுக்கவில்லை என்றான். ஆங்கிலத்தில் முன்னது ‘ரெஃப்யூஸ்ட் டு சைன்’, பின்னது ‘டினைட் டேக்கிங்’. இரண்டையும் மாற்றி ‘ரெஃப்யூஸ்ட் டு டேக்’ என்று எழுதிவிட்டால், திருட்டுப் பழியை மறுத்தவன் கொடுத்த பொருளை வாங்க மறுத்தவனாகிவிடுவான்!

சில ஆண்டுகளுக்கு முன், நம் மாணவர் ஒருவர் தங்கிய விடுதியில் சாளரக் கண்ணாடி ஒன்று உடைந்தது. விசாரணையில் அவர், கண்ணாடி உடைந்தமைக்கு வருந்துவதாகக் கூறினார். தட்டச்சிட்டு வந்த குறிப்பிலோ, ‘ஹி அப்பாலஜைஸ்ட் ஃபார் பிரேக்கிங் தி கிளாஸ்’ என்றிருந்தது. உடைத்தமைக்கு மன்னிப்புக் கேட்டார் என்பது பொருள். உடைந்தமை, உடைத்தமை: தமிழில் ஓரெழுத்து வேறுபாடு. அவர் கையெழுத்திட்டார். தண்டத்தொகை தந்தையின் கூலியிலிருந்து போயிற்று. எழுதியவர் அறிந்து எழுதினாரா என்பதை நாம் ஆராயப் புகவில்லை. ‘பிரேக்கிங்’ என்பதற்குத் தனி எழுவாய் இல்லை. அவ்விடத்து, மன்னிப்புக் கேட்டவரே உடைத்தவர் ஆகிறார். ‘ஹி செட் ஹி வாஸ் சாரி தட் தி கிளாஸ் ஹேட் புரோக்கன்’ என்றிருக்க வேண்டும். நீளந்தான், ஆனால் உண்மை.

சொன்னவர் ஒருவர், செய்பவர் வேறொருவர் எனில் செய்பவரைத் தொழிற்பெயருக்கு முன் நிறுத்த வேண்டும். 1927 மார்ச் 20 அன்று மகத் நகரில் அண்ணல் அம்பேத்கர் மக்களோடு சென்று சவதார் குளத்து நீரைப் பருகினார். அக்குளத்தைத் தாழ்த்தப்பட்டோர்க்கும் திறந்துவிட நகராட்சி முன்னரே தீர்மானித்திருந்தும், சாதி இந்துக்கள் தாக்கினர். அங்கு நீர் பருகியோர் இதனை ஆங்கிலத்தில் எழுதுவதாயின், ‘தே அப்ஜெக்டட் டு அவர் டிரிங்கிங் ஃப்ரம் தி டேங்க்’ எனல் வேண்டும். (தமிழ் எழுத்தில் ‘அவர்’ என்று வருவது வேடிக்கை, ஆங்கிலத்தில் அதன் பொருள் ‘எங்கள்’.) அச்சொல்லை விட்டுவிட்டால், எதிர்த்தவர்கள் தாங்கள் அந்நீரைப் பருக விரும்பவில்லை என்றாகிவிடும். தடுக்கப்பட்டவர் வாக்கியத்திலேயே இரார்.

பொதுக்குழாயில் நீர் எடுப்பதைத் தடுத்தது பற்றி நம்மவர் எழுதிய ஒரு மனுவின் படியிலும் இச்சொல்லே விடுபட்டிருந்தது. பேனாவால் சேர்த்துத் திரும்பத் தட்டச்சிடச் செய்தோம்.

‘சஜஸ்ட்’ என்னும் வினை சற்றே வேறு. ‘ஹி சஜஸ்டட் கோயிங்’ என்றால் செல்பவர் யாரென்று இடம் நோக்கியே அறிய வேண்டும். அதனை வகுப்பில் விரிவாகக் காண்போம். கையெழுத்திட்ட தாளோ, இடப்போகும் தாளோ வீட்டில் இருப்பின் உடன் எடுத்து வாருங்கள், சேர்ந்து படிப்போம்.