காமிரா ஏந்திய ஆதிவாசி

(தடாவில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிழைப்புக்காக எல்லை தாண்டித் தடாவுக்கு வந்தவர்கள் நாம். பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டா. அங்கே ராக்கெட் கிளம்பினால் மொட்டை மாடியில் ஏறிக் கைதட்டுகிறோம். தட்ட வேண்டியதுதான். 1969-இல் அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தார்கள்; 1971 அக்டோபர் 9-இல் முதல் ராக்கெட் பறந்தது. அதற்கு முன் அந்தக் காட்டில் கிழங்கும் தேனும் மூலிகையும் எடுத்து வாழ்ந்த யானாதி மக்கள் என்ன ஆனார்கள்? ராக்கெட்டின் கதையைச் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. யானாதிகளைப் பற்றி எழுதியவர்களோ பெரும்பாலும் வெளியார்தாம்.

வேறொரு இடத்தில் இந்த நிலைமை மாறியது. அதைச் சொல்லவே வந்தேன்.

ஜார்க்கண்டின் நேத்தர்ஹாட் மலைப்பகுதியில், பீரங்கிப் பயிற்சிக்கென்று 245 கிராமங்கள் குறிவைக்கப்பட்டன. 1994 மார்ச்சில் ஆதிவாசிகள், பெண்கள் முன்னணியில் நிற்க, ராணுவ வண்டிகளை மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். ஆண்டுதோறும் அதே மார்ச் மாதம் கூடிக் கூடி நின்றதன் பயனாக, 2022-இல் மாநில அரசு அனுமதியை நீட்டிப்பதில்லை என்று முடிவு செய்தது. அந்தப் போராட்டக் காலத்தில் காமிராவைக் கையில் எடுத்தவர் பிஜு டோப்போ, ஒராவோன் ஆதிவாசி. மேக்நாத் என்னும் தோழருடன் ராஞ்சியில் 'அக்ரா' என்ற குழுவாக இயங்குபவர். அக்ரா என்றால் ஊரார் கூடி ஆடிப் பாடும் திடல். பெயரிலேயே அரசியல் இருக்கிறது பாருங்கள்!

2000 டிசம்பரில் ஒரிசாவின் மைகாஞ்சில் பாக்சைட் சுரங்கத்தை எதிர்த்த மூவர், 2001 பிப்ரவரியில் தப்கராவில் கோயல்-காரோ அணையை எதிர்த்த எட்டுப் பேர் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். துப்பாக்கி முனையில் வரும் இத்தகைய 'வளர்ச்சி'யை இருவரும் 2003-இல் படமாக்கினார்கள். அடுத்து 'லோஹா கரம் ஹை'. இரும்பு சூடாயிருக்கிறது என்று பொருள். கடற்பஞ்சு இரும்பு ஆலைகளின் கரி, நெல்வயலிலும் குளத்திலும் நெஞ்சிலும் படிவதைக் காட்டும் படம். சுற்றுச்சூழல் படத்துக்கான 2010-ஆம் ஆண்டின் தேசிய விருது அதற்கே கிடைத்தது. விருது தந்த சர்க்கார் புகையையும் நிறுத்தியதா என்று கேட்காதீர்கள்!

ஆதிவாசியை நிபுணர் விளக்கும் படங்கள் நிறைய உண்டு. இவர் படத்தில் ஆதிவாசியே விளக்குகிறார். நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

தோழர்களே, நாமும் ஆலைகளில் வேலை செய்கிறவர்கள். நம் கூலி வரும் இடத்திலிருந்தே ஏரிக்கு என்ன போகிறது என்று கேட்கத் தயங்குகிறோம். ஆகவே ஒரு யோசனை. அடுத்த மாதம் இந்தப் படங்களை இங்கே திரையிடுவோம். யானாதி காலனி மக்களை அழைத்து முன்வரிசையில் உட்கார வைப்போம். தெலுங்கில் விளக்கம் சொல்ல நம்மில் ஆள் இருக்கிறது. படம் முடிந்ததும் முதலில் அவர்கள் பேசட்டும்; தலைவர் உரை அன்று கடைசியில் இருக்கட்டும்.