கும்பிடும் குழந்தை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலைப்பொழுதில், கூட்டேரிப்பட்டுச் சந்திப்பில் பேருந்துக்காகக் காத்து நின்றேன். அருகே ஒரு மூதாட்டி. அவர் மடியில் ஆறு மாதப் பேரன். தூங்கி விழித்த அக்குழந்தையின் தலை திடீரெனக் கவிழ்ந்தது. இரு கைகளும் முன்னே நீண்டன. மறுகணம் உடல் தளர்ந்தது. சில விநாடிகளில் மீண்டும் அவ்வாறே நிகழ்ந்தது. "மயிலம் முருகனைக் கும்பிடுறான், ஐயா" என்று பூரித்தார் பாட்டி. மருத்துவனாகிய எனக்கோ நெஞ்சம் பதறிற்று.

அது சிசுக்களுக்கு வரும் ஒருவகை வலிப்பு. 1841-இல் வெஸ்ட் என்னும் ஆங்கில மருத்துவர், தம் சொந்த மகனிடம் கண்டு 'லான்செட்' இதழில் எழுதிய நோய். 'சலாம் வலிப்பு' என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. அத்தந்தையிடம் அதற்கு மருந்தில்லை. இன்று நம்மிடம் உண்டு.

பெரும்பாலும் 3 முதல் 12 மாதங்களுக்குள் இது தோன்றும். வாயில் நுரையில்லை, நெடுநேரத் துடிப்பில்லை. ஆதலால் வயிற்றுவலி என்றும், உரம் விழுந்தது என்றும் எண்ணி நாளைப் போக்குகிறோம். திடுக்கிடல் ஓசையாலோ தீண்டலாலோ நேர்வது. இதுவோ காரணமின்றி, விழித்ததும் அடுத்தடுத்து வருவது. சிரித்த குழந்தை சிரிப்பை மறப்பதும் ஓர் அடையாளம்.

ஐயம் எழுந்தால் கைப்பேசியில் படம்பிடித்து, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து நோயைத் தெளிவர். ஸ்டீராய்டு, விகாபாட்ரின் போன்ற மருந்துகளைத் தருவர். எல்லாக் குழந்தைகளும் முழுநலம் பெறுவர் எனச் சொல்வதற்கில்லை. ஆயினும் தாமதம் அறிவு வளர்ச்சியைக் குலைக்கும்.

அன்று பாட்டியிடம் சொன்னேன்: "மயிலத்துக்கு அவன் வளர்ந்து நடந்தே வரட்டும், அம்மா, இப்பொழுது புதுச்சேரி ஜிப்மருக்குப் புறப்படுங்கள்."