புல்வெளியைத் தரிசென்று எழுதலாமா?



பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிவரும் எளியேனையும் இம்மேடையில் ஏற்றியது தங்கள் பெருந்தன்மை. சிவிங்கியைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

சிறுத்தை வேறு, சிவிங்கி வேறு. சிறுத்தை மறைந்திருந்து பாயும். சிவிங்கியோ வெட்டவெளியில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி மானைப் பிடிக்கும். சில நூறு மீட்டரில் களைத்துவிடும். ஆகவே திறந்த புல்வெளியும் மான் கூட்டமும் அதற்கு உயிர்.

மொகலாய மன்னர்கள் அதனைப் பழக்கி வேட்டைக்குக் கொண்டுசென்றனர். அடைபட்ட இடத்தில் அது குட்டி ஈனுதல் அரிதாதலால், மேன்மேலும் காட்டிலிருந்தே பிடித்தனர். வெள்ளையர் ஆட்சியில் அதனைக் கொல்வோர்க்குப் பரிசுப் பணமும் தரப்பட்டது. புல்வெளிகள் வயல்களாயின. 1947-இல், இன்றைய சத்தீஸ்கரிலுள்ள கொரியாவில் மூன்று சிவிங்கிகள் சுடப்பட்டன. 1952-இல் அவ்வினம் இந்நாட்டில் அற்றுப்போயிற்று என அரசு அறிவித்தது.

எழுபது ஆண்டுகளுக்குப்பின், 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டும் மத்தியப் பிரதேசத்துக் குனோவுக்கு வந்தன. சில மாண்டன, குட்டிகளும் பிறந்தன. குனோவில் அவற்றுக்குப் புல்வெளி எங்கிருந்து வந்தது? கிர் காட்டுச் சிங்கங்களைக் குடியேற்றும் நோக்கத்தோடு முன்னரே 24 சிற்றூர்கள் அங்கிருந்து அகற்றப்பட்டன. சிங்கம் வரவில்லை. மக்கள் விட்டுச்சென்ற வயல்களே புல்வெளியாயின. பிழைப்புக்காகப் பிறந்த ஊரை விட்டுவந்த நாம், அம்மக்களின் இழப்பை மறத்தல் தகாது.

சென்ற கோடையில் ரயிலில் வருகையில், சன்னலுக்கு வெளியே கண்டதைக் காட்டி, “இது என்ன நிலம், அப்பா?” என்றான் என் மகன். “ஒன்றுமில்லை, வெறும் தரிசு” என்றேன். மறுகணம் அங்கே வெளிமான்கள் துள்ளியோடின. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் நாணினேன்.

வரி தராத நிலத்தைத் தரிசென்று பதிந்த ஆங்கிலேயர் கால வழக்கம் நம் நாவிலும் தங்கிவிட்டது. தரிசென்று எழுதிய நிலத்தை எதற்கும் கொடுத்துவிடலாம், கேட்பாரில்லை. கானமயிலும் அவ்வாறே வீடிழந்து அருகிவருகிறது. ஓர் எழுத்து பிழைத்தால் கணக்கே பிழைக்கும் என்பதைப் பேரேடு எழுதும் நான் அறிவேன்.

ஆகவே தாய்மார்களே, பெரியோர்களே! விமானத்தில் விலங்கைக் கொணர்தல் எளிது. அது ஓடுவதற்கு வெளி வேண்டும். அவ்வெளியைப் புல்வெளி என்றே நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.