ஃபேன் நிற்கும்வரை



சனிக்கிழமை மாலை. தியாகராய நகரில் ஒரு சின்ன அரங்கு. ஐந்தரை மணிக்குக் கூட்டம். கோயில் சுவர் ஓவியங்களைப் பற்றிப் பேச ஒரு பெரியவர் வந்திருக்கிறார். ஊர் ஊராக அலைந்து அவர் எடுத்த படங்கள் எல்லாம் லேப்டாப்பில் இருக்கின்றன. ஐந்து இருபத்தைந்துக்கு ஒருவர் பீரோவைத் திறந்து புரொஜெக்டரை வெளியே எடுக்கிறார். பிளாஸ்டிக் ஸ்டூல் வருகிறது. உயரம் போதவில்லை என்று அதன்மேல் இரண்டு தடிப் புத்தகங்களை அடுக்குகிறார்கள். ஒயர் எட்டவில்லை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேடி ஒரு பையன் ஓடுகிறான். ஆறு மணிக்குத் திரையில் நீல நிறம் வருகிறது, நடுவில் ‘நோ சிக்னல்’ என்ற எழுத்து. பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறார்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பக்கத்துக் கூட்டங்களுக்குப் படம் போட்டுக் கொடுப்பதைப் பதினைந்து வருடமாகச் செய்துவருகிறேன். சம்பளத்துக்கு அல்ல, விருப்பத்துக்கு. அந்தப் பெரியவர் நின்ற நிலையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு சங்கடப்படுகிறது.

கச்சேரியில் மிருதங்க வித்வான் மேடையில் உட்கார்ந்ததும் கல்லை எடுத்துத் தட்டித் தட்டிச் சுருதி சேர்க்கிறார். சபையில் ஒருவரும் அவரை அவசரப்படுத்துவதில்லை. அந்த நேரம் அவருடையது என்று எல்லோருக்கும் தெரியும். புரொஜெக்டருக்கும் அப்படி ஓர் அரைமணி வேண்டும். கூட்டம் தொடங்கும் முன் அரைமணி, முடிந்த பின் ஐந்து நிமிடம். நான் கேட்பது அவ்வளவுதான்.

முன்பெல்லாம் இந்த வேலைக்கென்றே ஓர் ஆள் இருந்தார். ஆபரேட்டர் என்று கூப்பிடுவோம். 1913-இல் மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் எலக்ட்ரிக் தியேட்டரைத் திறந்தார். அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்தில் அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது, தபால்தலை சேகரிப்பவர்கள் போய்வருகிற இடம். அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. அதனால் 1918-இல் வந்த சினிமாட்டோகிராஃப் சட்டம், பார்ப்பவர்களின் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்யாத இடத்துக்கு உரிமம் தரக்கூடாது என்றது. நெருப்புத் தாங்கும் தனி அறை, அதற்குள் தொழில் தெரிந்த ஆள் என்று ஆனது.

பாண்டி பஜாரில் நடிகை டி. ஆர். ராஜகுமாரி கட்டிய ராஜகுமாரி தியேட்டர், மயிலாப்பூர்ப் பக்கம் கபாலி, காமதேனு. இங்கெல்லாம் படம் பார்த்தவர்களுக்குத் தலைக்குமேல் போகிற அந்த ஒளிக்கற்றை ஞாபகம் இருக்கும். அது புறப்பட்ட அறையில் இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு பொறி எரிந்துகொண்டிருந்தது. குச்சி தேயத் தேய ஆபரேட்டர் அவற்றை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சின்ன வயதில் ஒரு தியேட்டரில் அந்த அறைக்குள் எட்டிப்பார்த்திருக்கிறேன். ஒருவர் வியர்க்க விறுவிறுக்க, கறுப்புக் கண்ணாடி பதித்த ஒரு சின்ன ஜன்னல் வழியாகப் பொறியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் கண்ணால் பார்க்கக்கூடாது என்று என்னைத் தள்ளி நிறுத்தினார்.

இன்று தியேட்டர்களில் படச்சுருளே இல்லை. அந்த மாற்றத்துக்கு முன்நின்ற க்யூப் என்ற டிஜிட்டல் முறை, ஜெயேந்திராவும் செந்தில்குமாரும் 1986-இல் இதே சென்னையில் தொடங்கிய ரியல் இமேஜ் நிறுவனத்திலிருந்து வந்தது. படம் போடும் கருவியும் சுருங்கிச் சுருங்கி நம் கைக்கே வந்துவிட்டது. அந்த அறை போனது, ஆபரேட்டரும் போய்விட்டார். பொறி போகவில்லை. ஸ்டூலின்மேல், குழந்தைகள் ஓடியாடும் கூடத்தின் நடுவில், அது இன்றும் எரிகிறது.

அதை நான் உருவகமாகச் சொல்லவில்லை. பல்பு போட்ட புரொஜெக்டர்களில் இன்றும் ஒளி தருவது இரண்டு முனைகளுக்கு நடுவே, சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் எரியும் பொறிதான். கோலிக்குண்டைவிடச் சின்னதான குவார்ட்ஸ் குமிழுக்குள் பாதரச ஆவி அடைபட்டிருக்கிறது. எரியும்போது அதன் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு. குமிழின் சுவர் ஆயிரம் டிகிரியை நெருங்கும். இந்தச் சூட்டுக்கும் அதைச் சுமக்கிற பிளாஸ்டிக் பெட்டிக்கும் நடுவே இருப்பது ஒரு சின்ன ஃபேன்.

அந்தக் குமிழின் ஒளி போய் விழுகிற இடம் இன்னும் அதிசயம். 1987-இல் அமெரிக்காவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் உருவாக்கிய சில்லு அது. நகத்தளவு இடத்தில் லட்சக்கணக்கான கண்ணாடிகள். 1024-க்கு 768 என்று குறிப்பிட்ட கருவியில் 7,86,432 கண்ணாடிகள். ஒரு தலைமுடியின் குறுக்கே ஐந்தை வரிசையாக வைத்துவிடலாம். ஒவ்வொன்றும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இப்படியும் அப்படியும் சாய்ந்து, திரையில் ஒரு புள்ளியை ஏற்றியும் அணைத்தும் வைக்கிறது. எல்லாப் புரொஜெக்டரும் இந்த வகை அல்ல, எல்சிடி தகடு வைத்தவையும் உண்டு. சூட்டுக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

சரி, அந்த அரைமணியில் என்ன செய்வது?

முதலில் இடம். கருவியை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதற்குக் கையேட்டில் ‘த்ரோ ரேஷியோ’ என்று ஓர் எண் இருக்கும். அது 1.5 என்றால், திரையின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம். எட்டடித் திரைக்குப் பன்னிரண்டு அடி. இந்த ஒரு பெருக்கலை வீட்டிலேயே செய்துகொண்டு வந்தால், மேஜையை முன்னும் பின்னும் இழுக்கிற வேலை மிச்சம். மேஜை ஆடக்கூடாது. பக்கவாட்டில், காற்று வெளியேறும் பக்கம் ஒரு முழமாவது காலி இடம் வேண்டும். மெத்தை, ஜமுக்காளம், துணி விரித்த மேஜை இவற்றின்மேல் வைத்தால் அடிப்பக்கத்துத் துளை அடைபடும்.

கருவியின் முன்காலைத் தூக்கி மேல்நோக்கிச் சாய்த்தால் படம் முறம்போல ஆகிவிடும், மேலே அகலம், கீழே குறுகல். அதை நிமிர்த்த ஒரு பட்டன் உண்டு, ‘கீஸ்டோன்’ என்று பெயர். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் அது படத்தின் ஓரங்களை உள்ளே நெருக்கித்தான் நேராக்குகிறது, எழுத்தின் கூர்மை போய்விடும். உயரமான மேஜை கிடைத்தால் அதைத் தேடிக் கொண்டுவருவதே நல்லது.

அடுத்தது வெளிச்சம். புரொஜெக்டரால் கறுப்பைப் போட முடியாது. கறுப்பு இருக்கவேண்டிய இடத்தில் அது ஒளியை நிறுத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். அங்கே நாம் பார்ப்பது வெறும் திரையை. அந்தத் திரைமேல் ட்யூப்லைட் அடித்தால் கறுப்பு சாம்பலாகும். ஓவியத்தின் கோடுகளும் ஓலைச்சுவடியின் எழுத்துகளும் அதில் கரைந்துபோகும். “படம் மங்கல், பல்பு போயிடுச்சு” என்று சொல்லும்போதெல்லாம் நான் முதலில் திரைக்கு மேலே இருக்கும் விளக்கை அணைக்கச் சொல்வேன். பாதிக்குமேல் அங்கேயே சரியாகிவிடும். அதற்காகக் கூடம் முழுவதையும் இருட்டாக்க வேண்டாம். பின்வரிசையிலும் வழியிலும் விளக்கு எரியட்டும், வயதானவர்கள் எழுந்து போக வேண்டாமா?

பிறகு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து பாருங்கள். இதை மட்டும் தயவுசெய்து தவறவிடாதீர்கள். தமிழ் எழுத்துக்குப் புள்ளி உயிர். பின்னாலிருந்து புள்ளி தெரியவில்லை என்றால் ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும். ஒரு பக்கத்தில் பதினைந்து வரி எழுதிக்கொண்டு வருகிறவர்களிடம் ஆறு வரியாகக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்டிருக்கிறேன்.

தமிழில் பேச வருகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து. தங்கள் கணினியில் இருக்கும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவருவார்கள். அரங்கத்து லேப்டாப்பில் அந்த எழுத்துரு இருக்காது. திறந்தால் ஒரு வரி முழுக்க ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டும், பழைய கோப்புகள் இன்னும் பலரிடம் இருக்கின்றன. ஒரு தமிழாசிரியை தன் பதினெட்டுப் பக்கங்களும் இப்படிக் குலைந்துபோனதைப் பார்த்துவிட்டு, திரையை அணைக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் நினைவிலிருந்தே பேசினார். அருமையான பேச்சு. ஆனாலும் அந்தப் படங்களை நாங்கள் பார்க்கவே இல்லை. கோப்பை வீட்டிலேயே பிடிஎஃப்-ஆக மாற்றிக்கொண்டு வாருங்கள், எழுத்துரு அதோடு சேர்ந்தே வந்துவிடும்.

படம் வரவில்லையா? பதற வேண்டாம். கேபிளை இரண்டு பக்கமும் கழற்றி அழுத்திச் செருகுங்கள். புரொஜெக்டரில் ‘சோர்ஸ்’ பட்டனை அழுத்தி எந்தத் துளையில் செருகினோமோ அதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் லேப்டாப்பில் விண்டோஸ் விசையோடு ‘பி’ எழுத்தைத் தட்டினால், இரண்டு திரையிலும் ஒரே படம் காட்டும் வழி வரும். நீளமான எச்டிஎம்ஐ கேபிள் பல சமயம் காலை வாரும், பத்து மீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பாதுகாப்பு. மூன்று முள் பிளக்கில் தடித்த முள் எர்த். அதை வெட்டிவிட்டு இரண்டு முள்ளாகச் செருகுவதை நான் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். நடைபாதையில் போகும் ஒயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். புடவைத் தலைப்பும் கைத்தடியும் அதில்தான் மாட்டும். கூரையில் தொங்கவிட்டால், ஸ்டாண்டு தவிர ஒரு தனிக் கம்பியும் கட்டாயம் வேண்டும்.

கண். அந்த ஆபரேட்டர் என்னைத் தள்ளி நிறுத்தினாரே, அதே காரணம்தான். எரியும் லென்ஸுக்குள் யாரும் பார்க்கக்கூடாது. குழந்தைகளுக்கு அந்த ஒளியில் கை நிழல் காட்ட ஆசை வரும், அவர்கள் கண் சரியாக லென்ஸின் உயரத்தில் இருக்கும். பக்கத்தில் ஒரு பெரியவரை நிறுத்துங்கள். லேசர் புரொஜெக்டரில் இன்னும் கூடுதல் கவனம். நடுவில் படத்தை மறைக்க வேண்டுமென்றால் லென்ஸ் முன்னால் நோட்டுப் புத்தகத்தைப் பிடிக்காதீர்கள், மூடியையும் போடாதீர்கள். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் மூடி இளகிப்போகும். ரிமோட்டில் ‘ஏ.வி. மியூட்’ அல்லது ‘பிளாங்க்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது, அது போதும்.

கடைசியாக, அந்த ஃபேன். நாம் கடலோரத்துக்காரர்கள். காற்றில் உப்பும் ஈரமும். அரங்கில் ஊதுபத்தி, சாம்பிராணி. மயிலாப்பூரில் ஒரு கூட்டத்துக்கு வந்த கருவி பத்தே நிமிடத்தில் தானாக அணைந்தது. பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஃபில்டரை உருவினேன். பழைய கம்பளியைக் கத்தரித்து ஒட்டியதுபோல் சாம்பல் நிறத்தில் தூசி, விரலால் உரித்தால் ஒரே தகடாக வந்தது. மூச்சுவிட வழியில்லாமல் கருவி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றி, வெளியே கொண்டுபோய், மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள்.

கூட்டம் முடிந்த பின் நான் கேட்ட ஐந்து நிமிடமும் இந்த ஃபேனுக்குத்தான். சில வருடம் முன்பு ஒரு மண்டபத்தில், அடுத்த நிகழ்ச்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று ஒருவர் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார். ஃபேன் நின்றது, குமிழ் கொதித்தபடியே இருந்தது. அந்தக் கருவிக்கு அது முதல் முறை அல்ல. ஒவ்வொரு முறையும் குவார்ட்ஸ் சுவருக்கு ஓர் அடி. சில வாரம் கழித்து, நான் பக்கத்தில் நிற்கும்போதே, படாரென்று வெடித்தது. பாதரசம் கொஞ்சம்தான். ஆனாலும் எல்லோரையும் வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்துவைத்து, அரைமணி கழித்துத்தான் உள்ளே போனோம். மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் குமிழுக்கு இதே கதிதான். 300 வாட் கருவிக்கு ஒரு கேவிஏ யூபிஎஸ் இருந்தால் ஆற்றி எடுக்க நேரம் கிடைக்கும்.

போன வாரம் கூட்டம் முடிந்து எல்லோரும் காபிக்குப் போய்விட்டார்கள். ரிமோட்டில் அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு வந்தார்.

“சார், பூட்டணும்.”

“ரெண்டு நிமிஷம் அண்ணே. ஃபேன் நிக்கட்டும்.”

அவர் போகவில்லை. பக்கத்தில் வந்து, காற்று வரும் துளைக்கு நேராக உள்ளங்கையை நீட்டினார். “அடேயப்பா, அடுப்பு மாதிரி இருக்கே” என்றார். ஆரஞ்சு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் பேசாமல் நின்றோம். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. விளக்கு மின்னுவதை நிறுத்தியது.

“நின்னுடுச்சு சார்” என்று சொல்லி, அவரே குனிந்து பிளக்கை எடுத்தார்.