கடன் கொடுத்தவரும் கணக்குக் கேட்டவரும்



வெளிநாட்டு உதவி வந்தால் வறுமை ஓடிவிடும் என்கின்றனர் ஒரு சாரார். வந்தால் அடிமைத்தனமே மிஞ்சும் என்கின்றனர் மற்றொரு சாரார். வந்த பணத்தை வாங்கிய கை எது? அந்தக் கையைப் பிடித்துக் கணக்குக் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டா? இதைக் கேட்போரோ மிகச் சிலர். அந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். ஆப்பிரிக்காவின் இரு நாடுகள் அதற்கு விடை கூறுகின்றன.

முதலாவது காங்கோ. செம்பும் வைரமும் கோபால்ட்டும் குவிந்து கிடக்கும் மண். 1960இல் பெல்ஜியத்தின் பிடியிலிருந்து விடுபட்டது. 1965இல் மொபுட்டு என்னும் படைத்தலைவர் ஆட்சியைக் கைப்பற்றினார். பொதுவுடைமை முகாமுக்கு எதிராக நமக்கொரு காவற்காரன் கிடைத்தான் என்று மேலை நாடுகள் மகிழ்ந்தன, வாரி வழங்கின. 1978இல் பன்னாட்டு நாணய நிதியம், எர்வின் புளூமெந்தால் என்ற ஜெர்மானியரை அந்நாட்டு மத்திய வங்கிக்கு அனுப்பிற்று. ஓராண்டுக்குள் அவர் வெளியேறினார். கொடுத்த கடன் திரும்பி வராது என்று 1982இல் எழுதியும் வைத்தார். கடன் நின்றதா? நிற்கவில்லை, தோழர்களே! மூதாதையர் ஊரில் மாளிகை எழுந்தது. கான்கார்டு விமானம் இறங்க ஓடுதளம் அமைந்தது. 1997இல் மொபுட்டு வீழ்ந்தார், கடன் வீழவில்லை. 2010இல் ஏறத்தாழ 1,230 கோடி டாலர் கடன் நீக்கம் பெறும்வரை, அதன் சுமை ஏழையின் முதுகில்தான் இருந்தது. கொடுத்தவன் அறிந்தே கொடுத்தான். வாங்கியவன் துணிந்தே வாங்கினான். கேட்க வேண்டியவன் வாயோ கட்டப்பட்டிருந்தது!

இரண்டாவது போட்ஸ்வானா. பெரும்பகுதி கலகாரிப் பாலை. 1966இல் விடுதலை பெற்றபோது அங்கிருந்த தார்ச்சாலை 12 கிலோமீட்டர். பட்டதாரிகள் 22 பேர். அரசின் அன்றாடச் செலவுக்கே பிரிட்டனின் மானியத்தை நம்பிய நாடு. 1967இல் கனிமவளம் குலங்களுக்கன்று, நாடு முழுமைக்கும் உரியது என்று சட்டம் செய்தனர். அவ்வாண்டே ஒராப்பாவில் வைரம் கிட்டியது. அதுவோ குடியரசுத் தலைவர் செரெட்சே காமாவின் சொந்தக் குலத்தார் நிலப்பகுதி! எனினும் சட்டம் வளையவில்லை. திட்டத்தில் இல்லாத செலவுக்கு நாடாளுமன்றத்தின் இசைவு வேண்டும் என்று விதித்தனர். உதவி தர வந்தோரும் அந்தத் திட்டத்துக்கு உட்பட்டே தந்தனர். 1970களின் தொடக்கத்திலேயே பிரிட்டனின் மானியம் தேவையற்றதாயிற்று.

குறையே இல்லாத நாடா அது? இல்லை. வேலையின்மையும் ஏற்றத்தாழ்வும் இன்றும் உண்டு. வைரச்சந்தை சரிந்தால் கருவூலமும் சரிகிறது. ஆனால், 58 ஆண்டுகள் ஆண்ட கட்சியை 2024இல் வாக்குச்சீட்டால் இறக்கினர் மக்கள். துப்பாக்கி வெடிக்கவில்லை, அதிகாரம் கைமாறிற்று. மொபுட்டுவின் காங்கோ மக்களுக்கு இல்லாத செல்வம் அதுவே!

உதவி என்பது மழை. ஏரிக்கரை உறுதியாக இருந்தால் பாசனம், உடைந்திருந்தால் வெள்ளம். அந்தக் கரைதான் சட்டம், தணிக்கை, நாடாளுமன்றம், தேர்தல். ஆகவே, கோடிகள் வருகின்றன என்று எவர் முழங்கினாலும், கைதட்டுமுன் கேளுங்கள்: நிபந்தனை என்ன? இசைவளித்த அவை எது? தணிக்கை செய்பவர் யார்? ஊர்தோறும் இந்த மூன்று கேள்விகளையும் எடுத்துச் செல்லுங்கள்.